இரண்டாவது தடவை கேட்கவில்லை

இன்ஷிராஹ் யார் என்று யாராவது கேட்டால், எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடிக் கணக்கு டீச்சர், புருஷன் ஹம்தி துறைமுகத்தில் இழுவைப் படகு மெக்கானிக், ஒரே பெண் ரொதைனா என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். கேட்கிறவர் சஃபினாஸுக்கு வேண்டியவராக இருந்தால் அதைக்கூடச் சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. இன்ஷிராஹுக்கு அடங்கிவிட்டதோ என்னவோ, எனக்கு அடங்கவில்லை.

நான் தவ்லத். அதே கட்டடத்தில் இரண்டாம் மாடி. அலெக்சாந்திரியாவில் கடற்கரைச் சாலைக்குப் பின்னால், சுவரில் டால்ஃபின் படம் போட்ட ஒரு தனியார் இங்கிலீஷ் பள்ளி இருக்கிறது. அங்கே முதலாளி அறை வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிற செக்ரெட்டரி நான்தான். ஆகவே இந்தக் கதையை நான் யாரிடமும் கேட்டுச் சொல்லவில்லை. அறைக்குள்ளும் நான் இருந்தேன், அடுப்படியிலும் நான் இருந்தேன்.

இன்ஷிராஹுக்கு விலை பேசத் தெரியாது. மீன் வாங்கப் போனால் ஹம்தி ஒரு மடவை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, கடைக்காரனின் பாட்டன் முப்பாட்டன் வரை விசாரித்து, பாதி விலைக்குக் கொண்டுவருவான். அவள் பக்கத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். டியூஷன் பிள்ளைகளின் அம்மாக்கள் பணம் கொடுக்க வந்தால் முகம் சிவந்துவிடும். "இருக்கட்டும், நமக்குள்ள என்ன" என்பாள்.

அது எல்லாரும் சொல்வதுதான். எங்கள் ஊரில் குழாய் ரிப்பேருக்கு வந்தவனிடம் எவ்வளவு என்று கேட்டாலும், "இருக்கட்டும்க்கா, நமக்குள்ள என்ன" என்றுதான் சொல்வான். அதை நம்பிச் சந்தோஷமாகக் கதவைச் சாத்திக்கொண்டால் நீங்கள் மனுஷப் பிறவியே இல்லை. இரண்டாவது தடவை கேட்க வேண்டும். "அட, சொல்லுப்பா" என்று கேட்க வேண்டும். அப்போதுதான் தொகை வரும். தையல்காரியும் அப்படித்தான், டாக்ஸிக்காரனும் அப்படித்தான். முதல் கேள்விக்கே விலையைச் சொல்வது கப்பலிலிருந்து இறங்குகிற வெளிநாட்டுக்காரர்களிடம் மட்டும்.

இன்ஷிராஹ் அரசாங்கப் பள்ளியில் வேலை பார்த்தாள். ஒரு வகுப்பில் எழுபது பிள்ளைகள். ரொதைனாவும் அரசாங்கப் பள்ளிதான், ஒரு பெஞ்சில் நான்கு பேர். அங்கே வாத்தியார்கள் சாயங்கால டியூஷனுக்குத் தொண்டையை மிச்சம் பிடிப்பார்கள்; வகுப்பில் வாயே திறக்க மாட்டார்கள். சின்ன வயதில் அந்தப் பெண் கேள்வி கேட்டே என்னைக் கொன்றுவிடும். "தவ்லத் பெரியம்மா, கடல் ஏன் குளிர்காலத்துல கோவமா இருக்கு?" என்று மாடிப்படியிலேயே மறித்து நிற்கும். பன்னிரண்டு வயதில் கேள்வியையே நிறுத்திவிட்டது. பள்ளியிலிருந்து வரும், பையைப் போடும், சுவரைப் பார்த்து உட்காரும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இன்ஷிராஹ் உருகிக்கொண்டிருந்தாள்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. டீச்சர்களின் பிள்ளைக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் ஒரு டீச்சருக்கு ஒரு பிள்ளைதான். வருஷத்துக்கு ஒரு வகுப்பில் ஒரே ஒரு இலவச இடம்தான். சம்பளம் குறைவாக இருந்தாலும் நல்ல நல்ல டீச்சர்கள் இங்கே வந்து விழுவது அந்த ஓர் இடத்துக்காகத்தான். கட்டணம் கட்டிப் படிக்க வைக்க மெக்கானிக் சம்பளம் எந்த மூலைக்கு?

சஃபினாஸ் எங்கள் பள்ளி இங்கிலீஷ் டீச்சர். இன்ஷிராஹும் அவளும் கல்லூரி விடுதியில் ஒரே அறை. ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றவர்கள். சஃபினாஸின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பெற்ற மகள் வீட்டுக்கும் பள்ளிக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாயில் தண்ணீர் தொட்டு வைத்தது இன்ஷிராஹ். கடைசி மூச்சு போகும்போது அந்தக் கிழவியின் கை இருந்தது இவள் கைக்குள். இதை நான் சொல்லவில்லை, சஃபினாஸே ஊரெல்லாம் சொல்லி அழுதது.

அவள்தான் ஒரு நாள் ஓடி வந்தாள். "அடியே, எங்க கணக்கு வாத்தியார் துபாய் போறாரு. முதலாளி நல்ல ஆளா தேடறாரு. உன் பேரைச் சொல்லிட்டேன். ரொதைனாவுக்கும் வழி பொறந்துரும்டி!"

அன்றைக்கு நாங்கள் இன்ஷிராஹ் வீட்டு அடுப்படியில் முட்டைக்கோஸ் இலையில் அரிசி வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தோம். ஹம்தி வாசல் நிலையில் சாய்ந்து நின்று, வேகாத அரிசியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

"முதல்ல பொண்ணுக்கு சீட்டு. அப்புறம்தான் சம்பளம்" என்றான். "ரெண்டையும் சொல்லிட்டுத்தான் அந்தாளு குடுக்கற டீயை வாயில வைக்கணும்."

சஃபினாஸ் சிரித்தாள். "ஹம்தி அண்ணே, இது மீன் சந்தை இல்ல. அவரு பெரிய மனுஷன். உள்ள போனதும் பொண்ணுக்கு சீட்டுன்னா, இவ வேலைக்கு வந்தாளா பிச்சைக்கு வந்தாளாம்பாரு." பிறகு இன்ஷிராஹ் பக்கம் திரும்பினாள். "கண்ணு, நான் சொல்றதைக் கேளு. என்ன எதிர்பாக்கறீங்கன்னு கேப்பாரு. நீங்க பாத்து எது செஞ்சாலும் சரி, நமக்குள்ள பேதம் வராதுன்னு சொல்லு. அவரு மறுபடி கேப்பாரு. அப்ப சீட்டைச் சொல்லு, தொகையைச் சொல்லு. அதான் மரியாதை. நான் பக்கத்துலதான உக்காந்திருப்பேன்?"

"அவரு மறுபடி கேக்கலன்னா?" என்றேன் நான். எனக்கு எங்கள் முதலாளியைத் தெரியும்.

"கேக்காம? அவரும் இந்த ஊர்ல பொறந்து வளந்தவர்தானக்கா. வானத்துலேர்ந்தா குதிச்சாரு?"

எல்லாரும் சிரித்துவிட்டோம். நானும்தான் சிரித்தேன். மறுபடி கேட்காத மனிதனை யார் கண்டது?

முதலாளி பெயர் ரிஃபத். எல்லாரும் இஞ்சினியர் சார் என்போம். அவர் கட்டி நான் பார்த்தது பள்ளிக்கூடத்துப் பின்சுவர் ஒன்றுதான், அதுவும் மழைக்காற்றில் விழுந்துவிட்டது. எப்போதும் கையில் ஜெபமாலை உருளும். குரல் பஞ்சு மாதிரி இருக்கும்.

இன்ஷிராஹ் அன்று தன் நல்ல சாம்பல் நிற உடுப்பைப் போட்டு வந்திருந்தாள். சஃபினாஸ் பக்கத்து நாற்காலியில். நான் டீத் தட்டோடு உள்ளே போனபோது முதலாளி, "உங்களைப் பத்தி சஃபினாஸ் டீச்சர் சொல்லிச் சொல்லி, உங்களை எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்ங்கற மாதிரி ஆயிருச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் ஹம்திக்கு வேலை எப்படி என்று கேட்டார். இன்ஷிராஹ் வகுப்பில் எப்படிப் பின்னம் சொல்லிக்கொடுப்பாள் என்று கேட்டார். அதைச் சொல்லும்போது அவளுக்குக் கூச்சம் போய்விடும். ரொட்டியைப் பிய்க்கிற மாதிரி கையால் காட்டிச் சொன்னாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

பிறகு, "சொல்லுங்க டீச்சர். எங்ககிட்ட என்ன எதிர்பாக்கறீங்க?" என்றார்.

இன்ஷிராஹ் கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். "நீங்க பாத்து எது செஞ்சாலும் சரி, சார். நமக்குள்ள பேதம் வராது."

அவர் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

ஜெபமாலையை மேஜை மேல் வைத்தார். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து உயர்த்தினார். "அல்லா உங்களுக்கு பரக்கத் குடுக்கட்டும். அப்ப பாத்திஹா ஓதிரலாம்."

பாத்திஹா ஓதிவிட்டால் முடிந்தது. கல்யாணம் பேசினாலும், படகில் பங்கு போட்டாலும் எங்களுக்கு அதுதான் கையெழுத்து. காகிதத்தைக் கிழிக்கலாம், ஓதினதைக் கிழிக்க முடியாது. முதலாளி ஆரம்பித்துவிட்டார். இறைவசனத்தை நடுவில் நிறுத்தி, "சார், என் பொண்ணுக்கு சீட்டு" என்று யார் சொல்வது? நான் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையை உயர்த்தினேன். இன்ஷிராஹின் கைகள் கொஞ்சம் தாமதமாக உயர்ந்தன. உதடு அசைந்தபடியே சஃபினாஸைப் பார்த்தாள். சஃபினாஸ் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, எங்கள் எல்லாரையும்விடச் சத்தமாக ஓதிக்கொண்டிருந்தாள்.

ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டதும் முதலாளி சம்பளத்தைச் சொன்னார். அரசாங்கச் சம்பளத்தோடு அவள் டியூஷன் காசையும் சேர்த்தால் வருவதைவிடக் குறைவு. வகுப்புப் பிள்ளைகளுக்கு வெளியே டியூஷன் எடுக்கக் கூடாது என்றும் சொன்னார்.

"சார், என் பொண்ணு ரொதைனா..." என்று இன்ஷிராஹ் வாயெடுத்தாள்.

"அல்லா அவளுக்கு நீண்ட ஆயுசைக் குடுக்கட்டும்!" என்று சொல்லி எழுந்து போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் சஃபினாஸ் அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். "பயப்படாதடி. இன்னிக்கு ஏதோ அவசரத்துல இருக்காரு. சீட்டு என் பொறுப்பு. நான் பேசிக்கறேன்."

இன்ஷிராஹ் நம்பினாள். ஏன் நம்ப மாட்டாள்? அரசாங்க வேலையில் ஒரு வருஷம் சம்பளமில்லாத லீவு எழுதிக் கொடுத்தாள். டியூஷன் பிள்ளைகளை வேறு டீச்சரிடம் அனுப்பினாள். சஃபினாஸ் நடுவில் வந்து, "பேசிட்டேன், சரின்னுட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதோடு விட்டாளா? சீருடை வாங்க அவளே கூடப் போய்க் கடை காட்டினாள். நீலப் பாவாடை, டால்ஃபின் தைத்த வெள்ளைச் சட்டை. ரொதைனா அதைப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்து ஒரு சுற்று சுற்றினாள். "பெரியம்மா, அங்க லேப்ல மைக்ரோஸ்கோப் இருக்காமே, நெசமா? பிள்ளைங்க தொடலாமா?" என்றாள். எத்தனை காலத்துக்கு அப்புறம் ஒரு கேள்வி! நான் அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன்.

பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம், சேர்க்கைக்கென்று இன்ஷிராஹ் அவளைச் சீருடையோடு அழைத்து வந்தாள். முதலாளி அறைக் கதவு திறந்தே இருந்தது.

"எந்த சீட்டு?" என்றார் முதலாளி. "அந்த வகுப்புல இருந்த ஒரு சீட்டும் போயிருச்சே, டீச்சர். கட்டணம் கட்டறதா இருந்தா இடம் இருக்கு, ஆஹா, சந்தோஷமா."

இன்ஷிராஹ் குழம்பிப்போனாள். "சார், சஃபினாஸ் உங்ககிட்ட பேசிட்டதா சொன்னாளே? நீங்க சரின்னு வாக்கு குடுத்ததா..."

அதுதான் அந்தாளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. பஞ்சுக் குரல் முதல் தடவையாகக் கரகரத்தது. "நான் வாக்கு குடுத்தேனா? என்னைப் பொய்யனாக்காதீங்க, டீச்சர். அந்த சீட்டை சஃபினாஸ் டீச்சரோட ரெண்டாவது பையன் ஷாதிக்குக் குடுத்தது நீங்க இந்த ரூமுக்கு வர்றதுக்கு முன்னாடி. ஒரு டீச்சருக்கு ஒரு பிள்ளைதான்னு நான் சொன்னேன். உங்களைக் கொண்டு வர்றேன், கம்மிச் சம்பளத்துக்குக் கொண்டு வர்றேன், பதிலுக்கு என் பையனுக்கு இடம் குடுங்கன்னு கேட்டது அவங்க. 'அவ முதல் தடவை இருக்கட்டும்னுதான் சொல்லுவா, உடனே பாத்திஹா ஓதிருங்க சார், அதுக்கப்புறம் வாயே திறக்க மாட்டா'ன்னு சொல்லிக் குடுத்ததும் அவங்கதான். தவ்லத், அந்தம்மாவைக் கூப்பிடு!"

கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. சஃபினாஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஷாதியின் பிறப்புச் சான்றிதழ்.

எனக்குக் காலில் கிடந்த செருப்பு கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். பாவி! அரிசி சுருட்டிக்கொண்டே கழுத்தை அறுத்திருக்கிறாள். அடுப்படியில் எங்கள் எல்லார் தலையிலும் மிளகாய் அரைத்துவிட்டு, அதே சாப்பாட்டை இரண்டு தட்டு வாங்கியும் தின்றிருக்கிறாள்.

"நானும் ஒரு தாய்தானடி" என்றாள் சஃபினாஸ். கண்ணில் தண்ணீர் வேறு. "உனக்கு ஒண்ணு, எனக்கு ரெண்டு. உனக்காவது ஹம்தி அண்ணன் இருக்காரு, என் புருஷன் என்னத்தைக் கொண்டு வர்றான்? அடுத்த வருஷம் ரொதைனாவுக்குக் கண்டிப்பா..."

இன்ஷிராஹ் கத்தவில்லை. கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் சேர்ந்து கத்தியிருப்பேன், வேலை போனாலும் பரவாயில்லை என்று. அவள் சஃபினாஸின் முகத்தையே பார்த்தாள்.

"நீ கண்ணை மூடிக்கிட்டு ஓதினியே, சஃபினாஸ்" என்றாள்.

அந்தப் பெண் ரொதைனாதான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாம்மா, போலாம். ட்ராம் வந்துரும்." சட்டையில் இருந்த டால்ஃபினைக் கைப்பையால் மறைத்துக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் ஹம்தி குதித்த குதியில் என் வீட்டுக் கூரைச் சுண்ணாம்பு உதிர்ந்தது. மேலே போனேன். "அந்தாளு தாடியைப் பிடிச்சு இழுத்து துறைமுகத்துல தள்ளறேனா இல்லையா பாரு! நாளைக்கு நீ அங்க கால் வைக்கக் கூடாது!"

"பாத்திஹா ஓதியாச்சு, ஹம்தி."

"ஏமாத்தி ஓதினாங்கடி, ரெண்டு பேரும்!"

"நான் ஏமாத்தி ஓதலையே" என்றாள் அவள்.

ஹம்தி அப்படியே உட்கார்ந்துவிட்டான். போகாவிட்டாலும் எங்கே போவாள்? லீவில் போன இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று, டியூஷன் பிள்ளைகளும் போயாயிற்று. அது அவளுக்கும் தெரியும். ஆனால் அவள் சொன்ன காரணம் அது இல்லை. இந்தக் காலத்தில் இப்படியும் ஒருத்தியா என்று எனக்கு அவள் மேலேயும் கோபம் வந்தது.

அந்த வருஷம் முழுக்க வேலை செய்தாள். ஷாதி அவள் வகுப்பில், ஜன்னலோர இருக்கையில். அவனுக்கும் ரொட்டியைப் பிய்த்துக் காட்டித்தான் பின்னம் சொல்லிக்கொடுத்தாள். நான் வராந்தாவில் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். ஒரு நாளாவது அந்தப் பையனைக் கடிந்து பேசுவாளா என்று. பேசவில்லை. சஃபினாஸ் முதல் வாரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சாண்ட்விச்சை நீட்டினாள். "பசிக்கல" என்றாள் இவள். வருஷம் முழுக்க ஸலாம் சொன்னால் பதில் ஸலாம், அதோடு சரி. சஃபினாஸ் அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டாள். சிலருக்குத் தோல் அவ்வளவு தடிமன். ரொதைனா பழைய பெஞ்சுக்கே போனாள். சீருடையைக் கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டான். அது அலமாரியில் கிடந்தது.

வருஷம் முடிந்ததும் முதலாளி, "சம்பளம் கூட்டித் தர்றேன், பொண்ணுக்கு சீட்டும் தர்றேன், டீச்சர்" என்றார். பெற்றோர்கள் அவளை விடாதீர்கள் என்று அவரை நச்சரித்திருந்தார்கள். இன்ஷிராஹ் யோசித்துச் சொல்கிறேன் என்று ஒரு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டு வந்து மகளிடம் கேட்டாள். "சஃபினாஸ் ஆன்ட்டி முகத்தைப் பாத்துக்கிட்டு என்னால அங்க படிக்க முடியாதும்மா" என்றாள் ரொதைனா. மறுநாள் இன்ஷிராஹ் பழைய பள்ளிக்குத் திரும்ப எழுதிக் கொடுத்துவிட்டாள். முன்னறையில் மறுபடி டியூஷன் ஆரம்பித்தது. இந்தத் தடவை ரொதைனாவும் அந்தக் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்தாள்.

கோடை நடுவில் ஒரு நாள் இன்ஷிராஹும் நானும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். யாரோ கதவைத் தட்டினார்கள். சஃபினாஸ், கையில் பஸ்பூசா இனிப்புப் பெட்டியோடு. ஷாதி கணக்கில் தவறியிருந்தான். அவன் எழுதியதற்கு என்ன உண்டோ அதைத்தான் இன்ஷிராஹ் போட்டிருந்தாள். மறு பரீட்சையிலும் தவறினால் இலவச இடம் பறிபோய்விடும். இதற்குள் பாதி ஊருக்குத் தெரிந்த சங்கதிதான்.

சஃபினாஸ் என் பக்கம் பார்க்கவே இல்லை. நேராக வந்து இன்ஷிராஹ் பக்கத்தில் உட்கார்ந்து, பட்டாணித் தட்டைத் தன் மடிக்கும் இழுத்துக்கொண்டாள், பழைய மாதிரியே.

"அடியே, உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா? இந்தப் பையனை நீதான் கரையேத்தணும். உன் கையால படிச்சாத்தான் அவனுக்கு ஏறும். நீ எவ்வளவு சொல்றியோ சொல்லு, நான் குடுக்கறேன்."

"மணிக்கு இருநூறு பவுண்டு" என்றாள் இன்ஷிராஹ்.

என் கையில் இருந்த பட்டாணி உருண்டு போனது. அது அதிகமான தொகை இல்லை. எல்லாரிடமும் கடைசியில் அவள் வாங்குகிற அதே தொகைதான், ஒரு பவுண்டு கூட்டவில்லை. ஆனால் டியூஷன் பிள்ளைகளின் அம்மாக்களிடம், ஏன், முன்பின் தெரியாத ஒருத்தியிடம்கூட அவள் அப்படிச் சொன்னதில்லை. இருக்கட்டும் என்கிற வார்த்தை வரும் என்று சஃபினாஸ் காத்திருந்தாள். புன்னகை முகத்தில் அப்படியே நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குப் புரிந்தது.

"இன்ஷிராஹ்..." என்றாள். "நான் முதல் தடவைதானடி கேட்டேன்."

"ஆமா" என்றாள் இன்ஷிராஹ். "புதன்கிழமை அஞ்சு மணிக்கு அனுப்பு. காம்பஸ் பெட்டி கொண்டு வரச் சொல்லு."

சஃபினாஸ் எழுந்தாள். தட்டை மடியிலிருந்து எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். நான் வாங்கிக்கொண்டேன். அவள் படியிறங்கும்போது ரொதைனா பின்னாலேயே ஓடி, "ஆன்ட்டி, பெட்டியை மறந்துட்டீங்க" என்று பஸ்பூசாவைக் கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

கதவைச் சாத்தியதும் எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. "சபாஷ்டி! இப்பதான் உனக்கு வாய் முளைச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன்.

இன்ஷிராஹ் பட்டாணித் தோலை நெஞ்சோடு அள்ளிப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். முதலாளி அறையில் அழவில்லை, ஹம்தி குதித்தபோது அழவில்லை. அந்த வருஷம் முழுக்க அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

"அவ அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போனாங்க, தவ்லத்தக்கா" என்றாள். "அவகிட்ட போய் நான் விலை சொல்லிட்டேனே."